ஆறாவது இறக்கை

கூலி உயர்வுக் கூட்டத்தில் பேச விசைப்படகில் சென்றேன். கொள்ளிட முகத்துவாரத்தருகே இன்ஜின் கொதித்து நின்றது; நீரோட்டம் எங்களைக் கடலுக்கு இழுத்தது. ஒட்டிய வயிறுடைய டிரைவர், இன்ஜினுக்குப் பின்னால் தோள்வரை கைநுழைத்து, கண்மூடி, இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றினார். ஆறு இறக்கைகளில் ஒன்று இல்லை.

“புதியதை மாட்டுங்கள்! தாமதம் நம்மைக் கொல்லும்!” என்று முழங்கினேன்.

“ஒடஞ்ச துண்டு குழாய்ல அடைச்சிருக்கும் தம்பி. அத எடுக்காம மாட்டுனா மறுபடி நிக்கும். இது மேடை இல்லீங்க, கொஞ்சம் சும்மா இருங்க.”

கடலலை நுரைப்பது கண்ணுக்குத் தெரிந்த வேளையில், அத்துண்டை விரலால் உருவியெடுத்தார். புதுச் சக்கரம் சுழன்றது, கூட்டம் நடக்கும் கரையை அடைந்தோம்.

அங்கே காத்திருந்த தோழர்கள் எனக்கிட்ட மாலையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

“எண்ணெக் கைங்க, பூ பாழாயிடும்” என்று படகைக் கழுவப் போனார்.

அன்று மேடையில் நான் முதலில் சொன்னது, அந்த ஒடிந்த இறக்கையை அவர் எடுத்த கதையைத்தான்.