நல்ல கைக்கும் பயிற்சி

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டிய சின்னண்ணன் என்பவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை துவண்டுபோனது. பிசியோதெரபிஸ்ட் தனப்பிரியா அவருடைய வலது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"இந்தக் கை நல்லாத்தான் இருக்குது அம்மணி. வராத கையப் பாரு" என்றார் எரிச்சலாக.

"அதையும் பாக்கறேனுங்க. ஒரு கை பழகுனா, மூளை இன்னொரு கைக்கும் கொஞ்சம் கத்துக் குடுக்குமுங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மனைவி பாவாயியை எதிர்பார்த்துக் கிடந்தவருக்கு, தானாகச் செய்ய ஒரு வேலை இருப்பதே தெம்பாக இருந்தது. இரண்டு கைக்கும் பயிற்சி தொடர்ந்தது.

சில மாதம் கழித்து, மாசி முடியும்போது, பாவாயி உரிக்க எடுத்த வாழைப்பழத்தை அவரே வாங்கிக்கொண்டார். இடது விரல்கள் நடுங்கியபடி அதைப் பிடித்திருக்க, வலது கை தோலை உரித்தது. பாதியை ஒடித்து முதலில் பாவாயிக்கு நீட்டினார்.