முதுகை விட்டு இறங்காத பை

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளை இடித்து, "டீச்சர் தொண்டையில இன்னாமோ ஏறி எறங்குது பாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆளுக்கொரு குட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கிப் பார்த்தேன். ஏறித்தான் இறங்கியது.

அது கழலை (தைராய்டு சுரப்பி வீங்கிக் கட்டியாவது). எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது புதிதில்லை. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான், வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவர் பெயர் சிங்காரம். எலவனாசூர்கோட்டைக்காரர். இருந்த கொஞ்ச நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, என் வேலைக்காக மலைக்கு வந்து பெட்டிக்கடை வைத்தவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் என்று இருந்ததெல்லாம் என்னுடையதுதான்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "கட்டி குரல் நரம்பைச் சுத்திக்கிட்டிருக்கும்மா. பிரிச்சு எடுக்கப் பார்க்கிறோம். ரெண்டு பக்கமும் நரம்பு போயிட்டா குரல்வளை திறக்காது. அப்புறம் கழுத்துல துளை போட்டு அது வழியாத்தான் மூச்சு."

"பேச்சு வருங்களா சார்?" என்றார் இவர்.

"விரலால துளைய மூடிக்கிட்டா வரும்."

"அப்ப இவ விரல எடுக்கவே மாட்டா சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் கிட்டே போகவில்லை. போயிருந்தால் நானும் உடைந்திருப்பேன்.

இரண்டு நரம்புகளும் போயின. டிரக்கியாஸ்டமி (மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழல் பொருத்துவது) செய்தார்கள். எனக்கு வைத்தது உலோகக் குழல். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள்குழலை உருவிக் கழுவி மறுபடி போடலாம். வெளிக்குழல் அப்படியே இருக்கும். மூக்கு வழியாகக் காற்று போகாததால் சளி காய்ந்து பொருக்குத் தட்டி குழலை அடைக்கும். அதை உறிஞ்சி எடுக்கக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று உண்டு. கண்ணாடிக் குடுவையும் ரப்பர்க் குழாயும் உள்ள, இரும்பில் செய்த சனியன். நல்ல கனம். அது இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

கழுத்தில் துளையோடு இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மல்லிகைப் பூ வாசனை போய்விட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற சுகம் போய்விட்டது. விறகடுப்பை ஊத முடியாது. ஊதினால் காற்று கழுத்தோடு போய்விடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு ஊதியவர் அவர்தான்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: பேசுவதற்கு ஒரு கை வேண்டும். துளையை மூட ஒரு கை போனால் மிச்சம் ஒரு கைதான். அந்தக் கையில் பஸ் கம்பியைப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா?

முதலில் ஒயர் கூடையில் பம்பை வைத்துப் பார்த்தேன். கூடையின் காது அறுந்தது. பிறகு கள்ளக்குறிச்சியில் ரெக்சின் ஏர் பேக் ஒன்று வாங்கினோம். ஒரு பக்கத் தோளில் நீளவாரில் தொங்கும். பம்பு, மாற்று உள்குழல், ரப்பர்க் குழாய்கள், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பஞ்சுத்துணி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அதில். அதற்கு மேலே என் சாப்பாட்டு டப்பாவும் மாற்றுப் புடவையும். நடந்தால் இடுப்பில் இடித்தது. தோள் பட்டையில் ரத்தம் கட்டியது. நான் தோள் மாற்றுகிற நேரம் பார்த்து இவர் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வார். "குடு டீச்சரம்மா, நான் இன்னாத்துக்கு இருக்கறேன்?" அன்பில்தான் செய்தார். அந்த அன்புதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

சீட்டுப் பிடிப்பதில் என் வீட்டுக்காரர் மன்னன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் மலை பஸ் திரும்பும்போதே கூட ஓடுவார். ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார். துண்டு விழுந்த சீட்டு நம்முடையது. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. அடிதடிக்கு நிற்கிற ஆளும் துண்டு கிடக்கிற சீட்டில் உட்கார மாட்டான். எனக்கும் அதில் பெருமைதான். கூட்டத்தில் நின்று வந்தால் என் குழலில் யாருடைய முழங்கையாவது படும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பிறகு இன்னும் வெறியோடு ஓடினார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடம் அது. மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு ஒரு வண்டியும் ஓடாது என்று ஊரெல்லாம் பேச்சு. குழலைப் பரிசோதித்துக்கொண்டு திரும்பிய நாங்கள் மத்தியானம் கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்கினோம். மலைக்குப் போகிற கடைசி பஸ் அதுதான் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. பஸ் உள்ளே நுழைந்தது. இவர் ஓடினார். தோளில் துண்டைத் தேடினார். துண்டு எங்கேயோ நெரிசலில் விழுந்திருந்தது. கையில் இருந்தது என் பை. போட்டுவிட்டார்.

"புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன், வா!" என்று என்னைப் பார்த்துக் கை காட்டினார். முகமெல்லாம் பல்.

நாங்கள் படிக்கு வந்து சேர்வதற்குள், மேற்கே ரோட்டை மறிக்க மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாரோ கத்தினான். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். படியில் தொங்கினவர்களோடு பஸ் நகர்ந்தது. இவர் தகரத்தில் அறைந்துகொண்டே பின்னால் ஓடினார். நான் துளையை மூடிக்கொண்டு கத்தினேன். என் கத்தல் எனக்கே கேட்கவில்லை.

அந்த நிமிடம் எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம்தான். "சீட்டு முக்கியமா, என் உசுரு முக்கியமாங்க?" என்றேன். அவர் பஸ் போன திசையையே பார்த்தார். "கச்சிராயபாளையத்துல டீ குடிக்க நிறுத்துவாண்டி. பூடலாம், வா" என்றார். ஊரில் இன்னொரு பம்பு எங்கே கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியாது. நெல் மூட்டை இறக்கிவிட்டு மேற்கே திரும்பிய டிராக்டர் ஒன்றில் ஏறினோம்.

டிரெய்லரில் தவிட்டுப் புழுதி. ஈரத்துணியால் துளையை மூடிக்கொண்டேன். அதுவும் காய்ந்தது. கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே முழுப் புளியமரம் கிடந்தது. கோடாலியோடு ஆட்கள் நின்றார்கள்.

"எந்த ஊரு? யாரு ஆளுங்க? எறங்கு எறங்கு, ஒரு வண்டியும் தாண்டாது."

இறங்கும்போதே என் மூச்சு விசிலடித்தது. விசில் சத்தம் வந்தால் குழல் பாதி அடைத்துவிட்டது என்று அர்த்தம். உள்குழலை உருவி முந்தானையால் துடைத்தேன். அப்படியும் காற்று வரவில்லை. பொருக்கு அதற்கும் கீழே உட்கார்ந்திருந்தது. இருமினேன். அசையவில்லை. புளியங்கிளையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாய்யா ஆச்சி அந்தம்மாவுக்கு?" என்று கோடாலிக்காரர் கேட்டது காதில் விழுந்தது.

அப்போது கழுத்தில் மீசை குத்தியது. என் வீட்டுக்காரர் குழலின் வாயில் தன் வாயை வைத்து உறிஞ்சினார். துப்பினார். மறுபடி உறிஞ்சினார். நடுரோட்டில், அத்தனை ஆண்கள் பார்க்க. வாந்தி எடுக்க வந்தது அவருக்கு. அதை அடக்கிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். ஏதோ ஒன்று உள்ளே பிய்ந்தது. காற்று வந்தது. ஐயோ, அந்தக் காற்று! புழுதியும் தவிடும் பச்சைப் புளிய மரமும் கலந்த அந்தக் காற்றை என்னால் முகர முடியவில்லை, ஆனால் அதன் சூடு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

கோடாலிக்காரர் தன் துண்டை எடுத்து இவர் வாயைத் துடைத்தார். "தூக்குங்கடா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். நாலு பேர் என்னை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

பை கச்சிராயபாளையத்தில் டீக்கடையில் இருந்தது. பஸ் அதற்கு மேல் போகவில்லை. கண்டக்டர் சொன்னார்: "சீட்டுல டீச்சரம்மா பை மட்டும் ஒக்காந்துகினு வந்துதுங்க. அத்தினி கூட்டத்துலயும் ஒருத்தரும் எடுக்கல. பை போட்ட சீட்டாச்சே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். இருமினேன், அழுதேன். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

காப்பாற்றினாரே, கோபம் போயிருக்குமே என்று நினைப்பீர்கள். போகவில்லை. மாதக்கணக்கில் அந்தப் பையை அவரைத் தொட விடவில்லை. தொட்டால் வெடுக்கென்று இழுப்பேன். நன்றியும் கோபமும் ஒரே நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நோயாளிக்கு அப்படியும் ஒரு காலம் வரும். அதற்காக வெட்கப்படாதீர்கள்.

வழிக்கு வந்தது அவர்தான். ஒரு நாள் கள்ளக்குறிச்சியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்கிற பை வேண்டும் என்றார்.

"ஸ்கூல் பசங்க பை மாரிங்களா?" என்றார் தைக்கிறவர்.

"கெட்டியா வேணும். நானே புடுங்கினாலும் கயண்டு வரக் கூடாது."

தைக்கிறவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்.

பை தேடுகிறவர்களுக்கு அந்தக் கடையில் நான் கற்றதைச் சொல்கிறேன். பம்பு அடியில், முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் ஆளைப் பின்னால் இழுக்கும். அடித்துணி இரட்டையாக இருக்கட்டும். தோள் பட்டை நான்கு விரல் அகலம், உள்ளே பழைய கம்பளித் துணி வைத்துத் தைத்தது. நெஞ்சுக்குக் குறுக்கே பக்கிள் வைத்த வார் ஒன்று, குழலில் படாமல் தாழ்வாக. மாற்றுக்குழலும் ரப்பர்க் குழாயும் பையின் பக்கவாட்டு அறையில், பையைக் கழற்றாமலே கை எட்டுகிற இடத்தில். வாங்குவதற்கு முன்பு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பாருங்கள். எட்டவில்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சாப்பாடும் புடவையும் எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும்.

முக்கியமானது இது: பை நோயாளியின் முதுகில் இருக்க வேண்டும். பாவம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அதோடுதான் வகுப்புக்குப் போனேன். ஒரு கை துளையில், ஒரு கை சாக்பீஸில். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். அவர் பஸ்ஸுக்கு ஓடுவதை மட்டும் விடவில்லை. துண்டைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு ஓடுவார். எனக்குச் சீட்டைக் காட்டிவிட்டு, என் பைக்குப் பின்னால் சுவர் மாதிரி நின்றுகொண்டு வருவார்.

சில வருடங்கள் அப்படிப் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவர், "மார அடைக்குதுடி" என்றார். நான் பக்கத்து வீட்டாரை ஜீப் கொண்டுவர விரட்டினேன். பையைத் திறந்தேன். பழக்கம், வேறென்ன. அதில் இருந்ததெல்லாம் என் கழுத்துக்கு. அவருக்கென்று ஒரு பொருளும் இல்லை.

மூச்சு நின்றது. நெஞ்சை அமுக்கினேன். வாயோடு வாய் வைத்தேன். என் மூச்சு கழுத்தோடு போயிற்று. விரலால் துளையை மூடிக்கொண்டு ஊதினேன். விளக்கை அணைக்கக்கூடப் போதாத காற்று. அவர் என் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்த மூச்சில் ஒரு வாய் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்கிறவரை ஊதிக்கொண்டே இருந்தேன்.

இப்போது தனியாகத்தான் போகிறேன், வருகிறேன். குழல் மாறிவிட்டது, பம்பு சிறியதாகிவிட்டது. தார்ப்பாய்ப் பை மட்டும் அதேதான். என் உடம்பு எங்கே முடிகிறது, பை எங்கே தொடங்குகிறது என்று முதுகுக்கு மறந்துபோயிற்று. கடிகாரம் எனக்குத் தேவைப்படுவதில்லை. ஒரு மூச்சைக் கேட்டு முடித்த பிறகுதான் அடுத்த காரியம்.

பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். "பையக் கயட்டிக் குடுங்க டீச்சர், மடியில வச்சிக்கறேன்" என்பார்கள். வேண்டாம் என்று தலையாட்டுவேன். பையோடு உட்கார்ந்தால் சாய முடியாது, சீட்டின் நுனியில்தான் இடம். அவருக்குப் பிறகு எந்தச் சீட்டிலும் நான் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. கச்சிராயபாளையத்துக்கு முன்னால், புளியமரம் இல்லாத அந்த வெயிலான இடம் வரும்போது கழுத்தைத் தொட்டுக்கொள்வேன். மீசை குத்தும்.