மாமியின் பெட்டியில் என் இரும்பு

என் மாமியாரின் கடவுச்சீட்டில் நான் லண்டனிலிருந்து இருபத்திரண்டு கிலோ இரும்பு இறக்கினேன். அவருக்குத் தெரியாமல். இதைக் கேட்டு என்னைக் கள்ளன் என்று நீங்கள் நினைத்தால் அது எனக்குப் பெரிய மரியாதை. கள்ளனுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். நான் செய்தது சுத்தமான மடத்தனம். அதையும் மூன்று மாதம் யோசித்து, திட்டம் போட்டுச் செய்தேன்.

இரும்பு என்றால் காருக்கு அடியில் பூட்டும் பாதுகாப்புத் தகடு. கல்லோ மேடோ அடித்தால் எஞ்சினில் படவிடாமல் தான் வாங்கிக்கொள்ளும். பாலைவனத்திலும் மலையிலும் ஓடுகிற பெரிய வண்டிகளுக்குப் பூட்டுவது. என்னுடையது ஒரு சின்ன ஜப்பான் ஹைபிரிட். அது இதுவரை ஏறிய ஆக உயரமான மலை, தெஹிவளை மேம்பாலம்.

ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைக் குழாய்க்காக ஒரு தரம் வெட்டி மூடியிருந்தார்கள். மூடிய இடம் வெட்டுவதற்கு முன் இருந்ததைவிட உயரமாக வந்துவிட்டது. அதில் இடித்து என் காரின் அடிப் பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது. இறக்குமதித் தடையால் நாட்டுக்குள் புது வாகனமே வராமல் இருந்த வருடங்கள் அவை. பழைய கார் வைத்திருந்தவனெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டான். நான் ஒருபடி மேலே போய், மேடு வரும்போதெல்லாம் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொள்வேன், வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்று.

“நீங்கள் எழும்பினா கார் எழும்புமோ?” என்று மனைவி கேட்டார். அதற்காக எழும்புவதை நான் நிறுத்தவில்லை.

கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாக வண்டி காட்டும் மெக்கானிக் பாஸ், கிழிந்த பிளாஸ்டிக்கைப் பட்டி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, “சேர், இதுக்கு இரும்பு ஒண்டும் தேவையில்ல. மெதுவா ஓட்டினாச் சரி” என்றார். இந்த ஆலோசனைக்கு அவர் சல்லி வாங்கவில்லை. அதனால் எனக்கு அதில் மதிப்பு வரவில்லை.

நான் வீடியோக்களைப் பார்த்தேன். தாடி வைத்த ஒருவர் என்னுடைய அதே வகைக் காரை ஒரு பாறை மீது உட்காரவைத்து, இறங்கிவந்து அடியில் தட்டிக் காட்டினார். ஒரு கீறல்தான். எனக்குக் கண் கலங்கியது. இங்கிலாந்தில் ஒரு கடை அந்தத் தகடுகளை என் வண்டிக்கு அளவாகவே வெட்டி விற்றது. எஞ்சினுக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று, பெற்றோல் தாங்கிக்கு ஒன்று. ஆனால் நாட்டுக்கு வெளியே அனுப்பமாட்டார்களாம்.

அந்த நேரம் பார்த்து மாமி லண்டனில் இருந்தார், என் மனைவியின் தம்பி வீட்டில், மூன்று மாதம். திரும்பி வருகிறவர்கள் தங்கள் கடவுச்சீட்டைக் காட்டி ஒரு பெட்டியைக் கப்பலில் போட்டுவிட்டு வரலாம். ஆள் முதலில் வந்துவிடும், பெட்டி பிறகு வந்து சேரும். மாமியும் ஒரு பெட்டி நிரப்பினார். உள்ளே வைத்தவற்றைத் தன் கையாலேயே பட்டியல் எழுதினார். ஒட்டி அனுப்புகிற வேலையை மகனிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

தகடுகளை அந்த வீட்டு விலாசத்துக்கு வாங்கி, நான் மைத்துனருக்குச் செய்தி போட்டேன். “தம்பி, அம்மாவின்ட பெட்டிக்கு அடியில கொஞ்சம் இடம் வருமோ?”

“வரும் அத்தான். அம்மாட்டச் சொல்லட்டோ?”

“வேண்டாம். சும்மா ஏன் அவவுக்கு யோசனை.”

இங்கே மாமி யார் என்று சொல்லிவிட வேண்டும். புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய்ச் சத்தியக்கடதாசிகளை அவ்வளவு காலம் கோப்பில் போட்டு வைத்ததால், உண்மை மீது அவருக்கு ஒரு வெறியே உண்டு. நாலு மணிக்குத் தேத்தண்ணீர் குடித்தேன் என்றால் யார் பார்த்தது என்று கேட்பார். கொட்டாஞ்சேனை அடுக்குமாடி வீட்டில், அலுமாரிக்குள், மாதா படத்துக்குக் கீழே, அவருடைய கடவுச்சீட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. லண்டனில் மருமகளுக்குப் பிள்ளை பிறக்கவிருந்தது. முதல் பேரப்பிள்ளை. அதற்குத் திரும்பவும் போவதற்காக அந்த மாதமே விசாவுக்குப் போடுவதாக இருந்தார். அந்தக் கடவுச்சீட்டின் தலையில்தான் நான் இரும்பை ஏற்றியிருந்தேன்.

பெட்டி வந்துவிட்டது என்று ஒரு காலையில் மாமி அழைத்தார்.

“நீங்கள் வரத் தேவையில்ல மாமி. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“பாஸ்போட் என்ட. கையெழுத்து என்ட. நீங்கள் போய் என்ன செய்யிறது? காரை மட்டும் கொண்டுவாங்கோ, தம்பி.”

துறைமுகத்தை அடுத்த சுங்கக் கிடங்குக்குப் போகும் வழியில், மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கான படிவத்தை எனக்கு உரக்க வாசித்தார். உள்ளே இருப்பவை அனைத்தும் தன்னுடையவை, தானே பொதி செய்தவை என்று அனுப்பியவர் உறுதி சொல்ல வேண்டுமாம். அந்த வசனத்தை அவர் ரசித்து இரண்டாம் தரமும் வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கிறாங்கள். எங்கட கோட்டில ஒரு மனுசி வந்தவ. ஆரோ குடுத்த பார்சலைத் தன்ர எண்டு கையெழுத்து வைச்சிட்டா. பாஸ்போட்டைக் கோட்டில வைச்சாச்சு. கேஸ் முடிய ஏழு வருசம்.”

“பிறகு குடுத்தவங்களோ?”

“குடுத்தவங்கள். மனுசி அதுக்குள்ள கண்ணை மூடிட்டா.”

வியர்வை முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அடுத்த சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன்.

“மாமி.”

“என்ன தம்பி?”

“ஏசி காணுமோ, இன்னும் கூட்டட்டோ?”

“காணும்.”

அடுத்த விளக்கிலும் மாமி என்றேன். ஏசி காணுமோ என்றேன். மூன்றாம் தரம் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், “காணும் எண்டு சொன்னனான்” என்றார்.

கிடங்கில் நீளமான மேசைகள், தலைக்கு மேலே மின்விசிறிகள், வரிசையில் ஆட்கள். எங்களுக்கு முன்னால் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரின் பெட்டியைத் திறந்தார்கள். அதிகாரி ஏதோ ஒன்றை வெளியே எடுத்துக் கேட்டார். அந்த மனிதர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அவரை ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள், கதவு மூடியது. அதற்குப் பிறகு என் கண் அந்தக் கதவை விட்டு அசையவில்லை.

எங்கள் பெட்டியை இரண்டு பேர் தூக்கிவந்து மேசையில் போட்டார்கள். மேசை முனகியது.

“கல்லா கொண்டுவந்தீங்க அம்மா?” என்று ஒருவர் மூச்சு வாங்கினார்.

“குளிக்கிற துவாயும் சவுக்காரமும்தானே” என்றார் மாமி. அவர் நெற்றி லேசாகச் சுருங்கியது.

ஐம்பது வயது மதிக்கக்கூடிய அதிகாரி படிவத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பி நீட்டி, கையெழுத்து வைக்கச் சொன்னார். மாமி பேனையைத் திறந்தார், வாசித்தார், திரும்ப மூடினார். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று நல்ல நீதிமன்றச் சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் முதலிலேயே வைப்பதுதான் வழக்கம் என்றார் அதிகாரி. அது எல்லோருடைய வழக்கம் என்றார் மாமி. எங்களுக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.

அப்போது நான் ஒன்று செய்தேன். என் வாழ்க்கையில் செய்த கோமாளித்தனங்களை எல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. அவரை அந்தக் கையெழுத்துக்குத் தள்ளியவன் நான்தான். திறக்காமலே முடிந்துவிடாதா என்ற பயத்தில், “வையுங்கோவன் மாமி. ஆக்களெல்லாம் நிக்கினம்” என்றேன்.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனை கைப்பைக்குள் போனது.

பெட்டியைத் திறந்தார்கள். மாமி பட்டியலை வாசிக்க வாசிக்க அதிகாரி ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். துவாய், சவுக்காரம், சொக்லட், விற்றமின் குளிசை. தேயிலை விளையும் நாட்டுக்கு லண்டனிலிருந்து நாலு பெட்டி தேயிலை. பட்டியல் முடிந்தது. பெட்டி முடியவில்லை. அடியில் மாமியின் பூப்போட்ட ஹவுஸ்கோட் ஒன்று எதையோ சுற்றிக்கொண்டு கிடந்தது. அதிகாரி அதை ஒரு கையால் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையால் இழுத்தார். ஹவுஸ்கோட் நழுவ, பழுப்புக் கடதாசி கிழிந்து, கறுப்பு இரும்பு மேசையில் விழுந்த சத்தத்தில் முழுக் கிடங்கும் திரும்பியது. மற்ற மேசைகளிலிருந்து இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள்.

“மேக்க மொகத்த அம்மா?” இது என்ன என்று கேட்டார்.

மாமி ஹவுஸ்கோட்டை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்தார். “சட்டை என்ட. மற்றது என்ட இல்ல” என்று சிங்களத்தில் சொன்னார். “என்ன எண்டும் தெரியாது. நான் வைக்கேல்ல.”

கிழிந்த கடதாசியில் என் மைத்துனர் தடித்த மார்க்கரால் ஏதோ எழுதியிருந்தார். தமிழில். அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. மரியாதையாக அதை மாமியின் பக்கம் திருப்பி, வாசிக்கச் சொன்னார்.

மாமி கண்ணாடியைப் போட்டார். முதலில் தமிழில், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். “அத்தான், அம்மா பாக்க முதல் இதை எடுங்கோ.” பிறகு நீதிமன்றத்தில் செய்வதுபோல நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் விடாமல், சிங்களத்தில் பெயர்த்துச் சொன்னார்.

யார் இந்த அத்தான் என்று அதிகாரி கேட்டார். மாமி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கைப்பையிலிருந்து பேனையை எடுத்து அதை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

என் சிங்களம் மீன் வாங்கவும் த்ரீவீல்காரனுக்கு வழி சொல்லவும் போதும். என்னுடைய பிழை என்பதற்கு மட்டும் சொல் வந்தது, அதை மூன்று தரம் சொன்னேன். மீதியைக் கையால் விளக்கினேன். இடது உள்ளங்கை கார், வலது உள்ளங்கை தகடு. பிறகு கல் வந்து அடிப்பதைக் காட்ட, கையை முட்டியாக மடக்கி மேலே குத்தி, “டமார்” என்றேன். சுங்கக் கிடங்கில், மூன்று அதிகாரிகளுக்கு முன்னால், இனந்தெரியாத இரும்பைக் காட்டி ஒரு தமிழன் வாயால் எழுப்பக் கூடாத சத்தம் அது ஒன்றுதான். மூவரும் ஓரடி பின்னால் போனார்கள். நானும் போனேன்.

அதிகாரி தகடுகளையும் கடதாசியையும் மாமியின் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு அதே கதவுக்குள் போனார். கதவு மூடியது.

நாங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். ஏழு வருடம் என்று கணக்குப் போட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். பயம் வந்தால் எனக்குப் பகிடி வரும், அது என் வியாதி. “மாமி, இரும்புச்சத்து உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்தானே” என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முப்பது வருடம் மற்றவர்களின் வழக்குகளைப் பார்த்த அந்த மனுசியின் விரல்கள் வெளுத்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

“பிள்ளை பிறக்கேக்க நான் நிக்கவேணும், தம்பி” என்றார். ஏச்சாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை.

கதவு திறந்தது. அதிகாரியின் கையில் கடவுச்சீட்டு இருந்தது. அவர் என்னிடம் பேசவில்லை, மாமியிடம்தான் பேசினார். அம்மா படிவத்தில் கையெழுத்து வைக்காததால் அந்த இரும்பைப் பற்றி அவர் எந்த உறுதியும் கொடுத்ததாக இல்லை. தன் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் ஒப்பமிட்டு எடுத்துப் போகலாம். இந்த மாத்தயா, அதாவது நான் மட்டும், தகடுகள் என்னுடையவை, அவற்றைக் கைவிடுகிறேன் என்று எழுதித் தர வேண்டும்.

நான் அந்த இடத்திலேயே காரையும் கைவிட ஆயத்தமாக இருந்தேன். எழுதத் தொடங்கினேன். மாமி தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“‘தெரியாமல்’ எண்டு எழுதாதேங்கோ. தெரிஞ்சுதானே செய்தனீங்கள்.”

வெட்டினேன். கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளதுபோல இல்லை என்று அதிகாரி இன்னொரு தரம் வைக்கச் சொன்னார். மாமி தன் கடவுச்சீட்டை வாங்கி, அதிகாரிக்கு முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் சுத்தம். அதைக் கைப்பைக்குள் வைத்து, பையை மூடி, மூடியதை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார்.

திரும்பிய வழியில் ஏசியைப் பற்றி நான் கேட்கவில்லை. அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. தேயிலையும் சவுக்காரமும் மட்டும் இருந்த பெட்டியை மூன்று மாடி தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏறினேன். கதவடியில் இறக்கி வைத்துவிட்டு, எதையாவது சொல்லிச் சரிசெய்துவிட வேண்டும் என்ற ஆவலில் கேட்டேன்.

“மாமி, விசா கிடைச்சுப் போகேக்க, நான் வந்து பெட்டி கட்டித் தாறன், என்ன?”

மாமி திறப்பைப் பூட்டில் போட்டபடியே சொன்னார்:

“பெட்டிக்குக் கிட்டவும் வராதேங்கோ.”