கட்டிலுக்குக் கீழே ஒரு பை

மகளின் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே ஒரு பை தட்டுப்பட்டது. உள்ளே அவளுடைய உடுப்பு, டோர்ச், பிஸ்கட், எங்கள் காணி உறுதிப் பத்திரம். பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டை விட்டு ஓடப் போகிறாள் என்று பயந்தேன்.

பாடசாலையால் வந்தவளை வாசலிலேயே மறித்தேன். "எங்க மகள் போகப் போற?"

"எங்கயும் இல்ல உம்மா. திடீரெண்டு ஊரை விடச் சொன்னா எடுக்கத்தான். உங்கட உடுப்பும் அடியில இருக்கு."

அவள் வாசித்த நாவல்தான் காரணம் என்று நினைத்தேன். அதில், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகாத பிள்ளைகளைப் படையினர் வேட்டையாடுவார்கள். புத்தகத்தைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"அந்தப் புத்தகத்துக்கு ஒரு முடிவு இருக்கு உம்மா. சின்ன வயசுல உங்களை ஊரை விட்டு விரட்டி, நீங்க மன்னாரால வந்த கதைக்குத்தான் முடிவில்ல. எப்பவும் தோணியில ஏறுறதோட நிப்பாட்டிட்டு அழுவீங்க."

அலுமாரியைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன்.

இப்போது அவள் வாசிப்பதை நானும் வாசிக்கிறேன். என் கதையை, தோணி போய்ச் சேர்ந்த கற்பிட்டிக் கரைவரை சொல்கிறேன். அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண், நனைந்து நடுங்கிய எனக்குத் தன் மகளின் சட்டையை உடுத்திவிட்டார்.

பை இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. பிஸ்கட்டை மட்டும் மகள் தின்றுவிட்டாள்.