176399 என்ற பஸ் டிக்கெட்

போன வாரம் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தேன். என் பழைய காரின் மீட்டரில் 176399 வந்து நின்றது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டார். சில பேருக்குப் பாட்டைக் கேட்டால் பழைய நாள் ஞாபகம் வரும். எனக்கு ஓர் எண், சொன்னால் சிரிப்பீர்கள்.

அது ஒரு பஸ் டிக்கெட்டின் எண். இள வயதில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து நானும் வசந்தியும் ஈப்போ தொழிற்சாலைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். டீசல் வாடையோடு அவள் தலையில் வழியும் தேங்காயெண்ணெய் வாடையும் சேர்ந்து வரும். தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்துக்காரி. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். நான் ஐந்தாம் படிவத்தில் கணக்கில் நல்ல புள்ளி வாங்கியவள். யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுவேன்.

பொழுது போக டிக்கெட் எண்ணை உடைப்போம். எதனால் மிச்சமில்லாமல் வகுபடும் என்று தேடுவதற்கு நாங்கள் வைத்த பெயர் அது. மூன்று, ஏழு, பதினொன்று என்று எதைப் போட்டாலும் 176399 உடையவில்லை.

மறுநாள் நான், "நானூத்தி இருபது வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன், அதுக்கு மேல பாக்கத் தேவயில்ல. இது பகா எண், யாராலயும் ஒடைக்க முடியாது" என்றேன். உண்மையில் நூற்றுப் பதின்மூன்றிலேயே அலுத்துப்போய் நோட்டை மூடியிருந்தேன். வசந்தி நம்பிவிட்டாள். ஆனால் டிக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை.

மூன்று நாள் கழித்து, பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"ஏய், ஒண்ணு கூட்டுனா நம்ம தட்டு நம்பர் வருதுலா!"

வேலையிடத்தில் நாங்கள் சின்னச் சின்னச் சாமான்களை அடுக்கும் தட்டில் நாற்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு நாற்பத்திரண்டு. மொத்தம் 1764. பின்னால் இரண்டு சைபர் சேர்த்தால் 176400. அதாவது, நானூற்றிருபது வரிசை, வரிசைக்கு நானூற்றிருபது.

"அதுல ஒரு வரிசைய எடுத்து, மத்த வரிசைக்கெல்லாம் ஒவ்வொண்ணா குடுத்திரு. கடைசில ஒண்ணே ஒண்ணு மிஞ்சும். அதத் தள்ளிட்டா நம்ம டிக்கெட்டு. நானூத்தி பத்தொம்பது வரிசை, வரிசைக்கு நானூத்தி இருபத்தொண்ணு. ஒடஞ்சிருச்சி!"

டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. எனக்கு முகம் எரிந்தது.

"நீ கடைசி வரைக்கும் பாக்கலதானே?"

"நூத்திப் பதிமூணோட நிறுத்திட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போச்சு, இனி இவள் என்னோடு உட்காரமாட்டாள் என்று நினைத்தேன்.

"அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல யாரு நிக்கிறா தெரியுமா?" என்றாள் திரும்பாமலே. "ஃபோர் டுவென்டி. அது நீதான்லா!"

ஏமாற்றுக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: "மண்டையில ஏறாதுன்னுதான் ஸ்கூல விட்டேன். இப்ப பரீட்ச எழுதுனா பாஸாவேனா?"

"ஆவ" என்றேன். அதில் பொய் இல்லை. இரண்டு வருஷம் படித்துத் தனியாகத் தேர்வு எழுதினாள். கணக்கில் என்னைவிட அதிகப் புள்ளி. இப்போது லூமுட்டில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள்.

தோட்டம் இருந்த இடத்தில் இன்று தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். அன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; இன்று புதுச் சாலையில் ஈப்போவுக்கு இருபதே நிமிடம். மகளை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். நாங்கள் ஏதாவது பேச ஆரம்பிப்பதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது.