கழற்றி வைத்த மேக்னட்டோ

இது நடந்தது. நம்பாதவர்கள் வெள்ளைக்காரர் நாட்டு மோர்டனுக்குப் போய், கராஜ் வைத்திருக்கும் வாமதேவனிடம் நேரே "பொய்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் இப்போதெல்லாம் சண்டைக்குக்கூட வருவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பழைய எஞ்சின்களைச் சேர்த்து வைக்கும் சென்னைக்காரர் ராம்கி, முதலாம் உலகப் போர்க்கால விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஓட வைத்துத் தந்தால் போதும் என்றார். வாமதேவனுக்குத் தலைகால் புரியவில்லை. கார் கழுவித் தொடங்கிய அகதிக்கு விமானம் கிடைத்தால் வேறென்ன ஆகும்?

தீப்பொறியை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் இழுபறி. எஞ்சினில் இருந்தது மேக்னட்டோ. சுழன்றால் தானே மின்சாரம் உண்டாக்கும். வானத்தில் பட்டரி செத்தால் ஆளும் சாக வேண்டியதுதான் என்பதால் அந்தக் காலத்தில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கழற்ற வேண்டாம் என்று யாக்கோப்பு தலைபாடாக அடித்துக்கொண்டார். கராஜில் கூட வேலை செய்பவர், வாமதேவனைவிட வயதில் மூத்தவர், ஜெர்மனியில் மெக்கானிக்காக இருந்தவர்.

"சுவிட்ச் வயர் அறுந்தாலும் இது பொறி அடிக்கும், அண்ணை. ஆளைக் கொல்லும். பட்டரி எண்டா வயரைக் கழட்டினாச் சரி" என்றார் வாமதேவன். மேக்னட்டோவைக் கழற்றி, எஞ்சினோடு பட்டரியையே பூட்டினார். யாக்கோப்பின் பாதுகாப்புக்காகத்தான் செய்தார், பாவி.

கழற்றிய மேக்னட்டோ மேசையில் கிடந்தது. மறுநாள் தொட்டபோது சுட்டது. பக்கத்தில் ஹீட்டர் எதுவும் இல்லை.

பிறகு மணம்... ஆமணக்கெண்ணெய் எரியும் மணம். அந்த எஞ்சினுக்கு ஊற்றுவது அந்த எண்ணெய்தான். ஆனால் இன்னும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

பகல் பதினொன்றே முக்கால். எஞ்சினில் பூட்டியிருந்த முன்விசிறியைக் கையால் ஒருமுறை சுற்றி இறுக்கம் பார்க்க வேண்டும். யாக்கோப்பு கிட்டப் போனார். நின்றார்.

டிக்...

"கேட்டதோ, தம்பி?"

வாமதேவனுக்கும் கேட்டது. கேட்காதவர் போலப் பட்டரியைக் கழற்றி வாசலில் வைத்தார்.

"பட்டரி வெளியில. பெட்ரோலும் இல்லை. பயமெண்டா தள்ளி நில்லுங்கோ, நான் சுத்திறன்."

யாக்கோப்புக்கு ரோசம் வந்துவிட்டது. விசிறியைப் பிடித்தார்.

டிக்... டிக்...

சத்தம் எஞ்சினிலிருந்து வரவில்லை.

மேசையிலிருந்து வந்தது.

மேக்னட்டோவின் தண்டு சுழன்றது. தானாக...

"அண்ணை, கையை எடுங்கோ..."

ஒரே ஒரு வெடி.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

நின்றது.

தரையில் யாக்கோப்பு கிடந்தார். கொஞ்சம் தள்ளி அவருடைய கை கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாமதேவன் ராம்கிக்கு போன் எடுத்தார். விபத்து என்ற சொல் வாயில் வருமுன்பே ராம்கி கேட்டார்.

"மேக்னட்டோவக் கழட்டிட்டீங்களா?"

"ஓம்."

"எந்தக் கை? வலதா?"

வாமதேவன் வலது கையிலிருந்த போனை இடது கைக்கு மாற்றினார்.

"முன்னாடி கழட்டினப்பவும் ரெண்டு பேருக்குப் போனது வலதுதான். அதான் வெள்ளைக்காரன் எவனும் தொட மாட்டேன்னுட்டான். நாளைக்கு வண்டி அனுப்புறேன். எஞ்சினத் துடைச்சு வைங்க."