ஊதிக் காட்டிய மைக்கேல்சாமி

போலீஸ் கை காட்டுனா வண்டியத் திருப்பிக்கிட்டு ஓடுறவனைப் பாத்திருப்பீங்க. போகச் சொன்ன போலீஸ்கிட்ட வலியப் போயி, "என்னைய ஊதச் சொல்லுங்க மேடம்"னு நின்ன ஆளு ஆவூர் மைக்கேல்சாமி ஒருத்தர்தான்.

போர்வெல்லுக்குள்ள இருந்து மோட்டார் தூக்குறதுல மனுசன் கெட்டிக்காரர். இருநூறு அடிக்குக் கீழ சிக்குனதைக்கூட அலுங்காமக் கொண்டாந்துருவாரு. அவரைத் தூக்கத்தான் ஆளில்லை. விடிஞ்சா மாதா மேல சத்தியம், பொழுது சாஞ்சா சாராயக் கடை. தெனமும் வாசல்ல மறிச்சு நின்னு "ஊதுங்க"ம்பா பொண்டாட்டி வியாகுலமேரி. மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள நுழையப் பாப்பாரு. பதினாறு வருஷம் மோந்த மூக்கு, ஏமாறுமா? கடைசியில மக ஃபெமினாவைக் கூட்டிக்கிட்டுக் கீரமங்கலத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டா. "ஒரு வருஷம் தொடாம இருந்துட்டு வாங்க. நடுவுல ஒரு சொட்டு பட்டாலும் இங்கிட்டு வரவேணாம்."

குடியை விடணும்னு ஆஸ்பத்திரியில படுத்தாரு. கை நடுங்குச்சு, இல்லாத எறும்பு ஒடம்பெல்லாம் ஊறுச்சு. "இது வியாதிங்க, வெக்கப்படாதீங்க"ன்னாரு டாக்டர். அதைக் கேட்டதுல அம்புட்டு நிம்மதி அவருக்கு. அப்புறம் ஞாயித்துக்கிழமையானா கீரனூர்ல குடியை விட்டவங்க கூட்டம். அங்க பழகுனவர்தான் ரெங்கசாமி. "வருஷத்தை எண்ணாத. இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இரு, போதும்"னு தெனம் போன்ல சொல்லுவாரு.

அப்படி ஒவ்வொரு நாளா ஒரு வருஷம் ஆகியே போச்சு! அன்னைக்குக் காலையில மைக்கேல்சாமிக்குத் தலைகால் புரியலை. வெள்ளைச் சட்டை என்ன, மகளுக்குப் பால்கோவா என்ன! ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஒதறல். பழைய நாத்தம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்குமோ? மெடிக்கல்ல வாய் கொப்புளிக்கிற மருந்து வாங்கி, கீரமங்கலம் போற வழியெல்லாம் வண்டிய நிறுத்தி நிறுத்திக் கொப்புளிச்சாரு. ஆலங்குடி தாண்டுறப்ப பாட்டில் காலி.

அங்கதான் எஸ்.ஐ. மணிமேகலை வண்டிகளைச் சோதிச்சுக்கிட்டு நின்னாங்க. முன்னாடி ரெண்டு தடவை இவருக்கு அபராதம் போட்டவங்க. அன்னைக்கு என்னமோ "போங்க போங்க"ன்னு கை காட்டுனாங்க. இவருக்கோ ஆசை பொங்கிருச்சு. மிஷின்ல ஊதுனா சீட்டு வருமே, அதை மேரிகிட்ட நீட்டலாமே!

ஊதுனாரு. மிஷின் கத்துச்சு.

"என்னங்க இது, குடிச்சுட்டு வலிய வந்து நிக்கிறீங்க?"

மைக்கேல்சாமிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. "தொடலை மேடம், இதுதான் போட்டேன்"னு காலி பாட்டிலை நீட்டுனாரு. எஸ்.ஐ. வாங்கிப் படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "அட கூறுகெட்ட மனுசா! இதுலயும் ஆல்கஹால்தான் இருக்கு. வாயைக் கழுவிட்டு அங்கிட்டு ஒக்காருங்க. கால் மணி நேரம் கழிச்சு ஊதலாம்."

அந்தக் கால் மணி நேரம் இருக்கே! எதுத்தாப்புலயே சாராயக் கடை. குடிக்காமலே குடிகாரன்னு மிஷின் சொல்லிருச்சு, இனிமே குடிச்சாத்தான் என்னன்னு மனசு இழுக்குது. பயந்துபோயி ரெங்கசாமிக்குப் போன் போட்டாரு. "அண்ணே, எதுக்க கடை இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. எங்க வீட்டு ஆடு மூணு குட்டி போட்டுருக்குடா, கேளு"ன்னு ஆரம்பிச்சாரு அவரு. ஒரு குட்டி வாளிக்குள்ள விழுந்துச்சாம். அதை எடுக்கக் குனிஞ்சா தாயாடு பின்னாடியிருந்து அவரு வேட்டியத் தின்னுச்சாம். மைக்கேல்சாமி அழுதுக்கிட்டே சிரிச்சாரு. நேரம் ஓடிருச்சு.

மறுபடி ஊதுனாரு. சைபர்! நடுரோட்டுல கையைத் தூக்கிக்கிட்டு ஆடுனாரு பாருங்க ஒரு ஆட்டம், பின்னாடி வந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சே போச்சு. எஸ்.ஐ. சிரிச்சுக்கிட்டே சீட்டைக் கிழிச்சுக் குடுத்தாங்க.

கீரமங்கலத்துல வியாகுலமேரி வாசல்ல மறிச்சு நின்னா. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"இது இன்னைக்குச் சீட்டு. நாளைக்கு?"

மாதா மேல சத்தியம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டாரு. "நாளைக்கு என்னன்னு நாளைக்குத்தான் தெரியும் மேரி. நாளைக்கும் ஊதச் சொல்லு."

சத்தியம் பண்ணாத புருஷனை அவ அன்னைக்குத்தான் பாக்குறா. சீட்டை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அப்புறம் கதவுக்குப் பின்னால கையை விட்டு, காலையிலயே துணிமணி கட்டி வெச்சிருந்த பையை எடுத்தா.

"சரி, ஊதுங்க."

மூச்சை அடக்காம, நெஞ்சு நெறைய ஊதுனாரு மைக்கேல்சாமி.